நூறைத் தொட்டால் உதறும் பிக்கப்: காரணத்தைத் தேடிப் பிடித்த அனுபவம்

நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி உதறுகிறது என்றால், சுற்றுகிற ஏதோ ஒன்று நேராகச் சுற்றவில்லை என்று பொருள். டயர், ரிம், பிரேக் டிரம், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (என்ஜின் பக்கத்திலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் நீண்ட குழாய்), கிளட்ச், என்ஜின் எல்லாமே சுற்றுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது சக்கரம் ஒரு கணக்கில் சுற்றும். ஷாஃப்ட் அதைப்போலக் கிட்டத்தட்ட நாலு மடங்கு சுற்றும். என்ஜின் எந்த கியரில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறொரு கணக்கில் சுற்றும். ஆகவே உதறல் எதன் சுற்றோடு சேர்ந்து வருகிறது என்று தெரிந்தாலே தேடல் பாதி முடிந்துவிடும். இதற்கு ஸ்பேனர் தேவையில்லை, எந்தப் பாகத்தையும் மாற்றவும் தேவையில்லை. இந்தச் சோதனைகளை முடிக்காமல் யாரும் பாகம் மாற்ற ஆரம்பிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

என் வண்டி டபுள் கேப் பிக்கப். பின்னால் லீஃப் ஸ்பிரிங், பின் சக்கர டிரைவ், நடுவில் தாங்கிப் பிடிக்கும் சென்டர் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட். தொண்ணூறு வரை ஒன்றும் தெரியாது. தொண்ணூறைத் தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு உதறல் தொடங்கும். நூற்றைந்து வாக்கில் உச்சத்துக்குப் போகும், நூற்றிருபதை நெருங்கும்போது கொஞ்சம் அடங்கும். ஸ்டியரிங்கில் கையை வைத்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்னொரு விஷயமும் கவனத்துக்கு வந்தது. உதறல் ஒரே அளவில் இருக்கவில்லை. அரை நிமிடம் பலமாக இருக்கும், அப்புறம் மெல்ல அடங்கி வண்டி வழுக்கிக்கொண்டு போகும், மறுபடி தலைதூக்கும்.

வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி ரிம்மில் சிறு எடைகள் வைப்பது) ஏற்கெனவே செய்திருந்தது. காட்டிய ஒரு பட்டறையில் நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொன்னார்கள். ஷாக் அப்சார்பர் உதறலை உண்டாக்காது. தேய்ந்துபோனால், வேறெங்கோ பிறந்த ஆட்டத்தை அடக்காமல் விட்டுவிடும், அவ்வளவுதான். அதிலிருந்து எண்ணெய் கசிகிறதா, வண்டியின் மூலையை அழுத்திவிட்டால் ஒரே தடவையில் நிற்கிறதா என்று பார்த்தேன். இரண்டும் நன்றாக இருந்தன. அதனால் அந்த யோசனையை ஒதுக்கிவிட்டேன். வீல் அலைன்மென்ட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஏறுமாறாகத் தேயும். அந்தத் தேய்மானம் நாளடைவில் அதிர்வாக மாறலாம். மற்றபடி அலைன்மென்ட் செய்ததால் மட்டும் உதறல் போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சாலையில் செய்த சோதனைகள்

நீளமான, நேரான, கூட்டமில்லாத சாலை வேண்டும். தார் நன்றாக இருக்க வேண்டும். கான்கிரீட் சாலையின் இணைப்புகளே சீரான தட்டலைக் கொடுத்து நம்மைக் குழப்பிவிடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறித்துக்கொள்வது அவசியம். ஓட்டுபவர் சாலையை மட்டும்தான் பார்க்க வேண்டும். புறப்பட்டு இருபது முப்பது நிமிடம் ஓட்டி டயர் சூடான பிறகுதான் சோதனை. வண்டி நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்றிருந்தால் டயரின் அடிப்பகுதி தற்காலிகமாகத் தட்டையாகியிருக்கும். சூடானதும் அது தானாகச் சரியாகிவிடும். அதை நோயாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் சோதனை, நியூட்ரல். நூற்றுப் பத்துக்குக் கொண்டுபோய், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, நியூட்ரலில் போட்டு வண்டியைத் தானாக வேகம் குறைய விட வேண்டும். என்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கையேடு அனுமதித்தால் மட்டும் இதைச் செய்யலாம். நியூட்ரலில் போட்ட உடனே உதறல் மறைந்தால் சந்தேகம் என்ஜின் பக்கமும், பளு விழுந்தால் மட்டும் தள்ளாடுகிற இணைப்புகள் பக்கமும் போகும். அப்படியே தொடர்ந்தால் சக்கரமோ ஷாஃப்ட்டோ. என் வண்டியில் பெரிய உதறல் அப்படியே இருந்தது.

இரண்டாவது, அதே வேகத்தில் கியரை மாற்றுவது. ஐந்தாவது கியரில் 100, நாலாவது கியரிலும் 100. சக்கரமும் ஷாஃப்ட்டும் சுற்றும் வேகம் மாறாது, என்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். உதறல் மாறவில்லை. இத்தோடு என்ஜினையும் கிளட்ச்சையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நிறுத்திய வண்டியில் நியூட்ரலில் அதே ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) ரேஸ் செய்து பார்த்தபோதும் ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது சோதனைதான் எனக்கு எதிர்பாராத தகவலைத் தந்தது. ஒரே வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்துவது, அப்படியே பிடிப்பது, முழுதாக விடுவது. பெரிய உதறல் எதற்கும் அசையவில்லை. ஆனால் அதற்கு அடியில் ஒளிந்திருந்த மெல்லிய ரீங்காரம் ஒன்று, அழுத்தும்போது கூடி, விடும்போது குறைந்தது. அதாவது வண்டியில் ஒரு நோய் அல்ல, இரண்டு. ஒன்றைச் சரிசெய்துவிட்டு "இன்னும் போகவில்லையே, அப்போது அது காரணமில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க் தடிமன் சீராக இல்லை அல்லது டிரம் வட்டமாக இல்லை என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் அது இல்லை.

கொஞ்சம் கணக்கு

இந்தக் கணக்கைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் பட்டறையில் நாம் பேசும் பேச்சையே மாற்றிவிடும்.

என் டயர் 265/65 ஆர் 17. ரிம் 17 அங்குலம், அதாவது 432 மில்லிமீட்டர். டயரின் பக்கச்சுவர் உயரம் 265இல் 65 சதவீதம், 172 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். சுற்றளவு 2.4 மீட்டரைச் சற்றுத் தாண்டும். பாரத்தில் டயர் அமுங்குவதால் ஓட்டத்தில் 2.4 என்றே வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 27.8 மீட்டர். வகுத்தால் சக்கரம் நொடிக்குச் சுமார் 11.6 தடவை சுற்றுகிறது. என் டிஃபரென்ஷியல் (ஷாஃப்ட்டின் சுற்றைப் பின் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) விகிதம் 3.9, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 3.9 சுற்றுச் சுற்றும். அதனால் ஷாஃப்ட் நொடிக்கு 45 தடவை. என்ஜின் 2,000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 33 தடவை சுற்றும். நாலு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்பு, ஆகவே அதன் துடிப்பு 66.

உடம்பே இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும். நொடிக்குப் பன்னிரண்டு என்றால் கண்ணால் பார்க்கக்கூடிய ஆட்டம். தொடைச் சதை குலுங்கும், பக்கத்து சீட்டின் தலையணை ஆடும். நாற்பத்தைந்து என்றால் தரையில் கூச்சம்போல ஏறும், உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும். தொண்ணூறுக்கு மேலே போனால் உணர்வதைவிடக் கேட்பதே அதிகம், காதை அடைக்கிற ஊமை இரைச்சலாக வரும்.

செல்போனில் அதிர்வை அளக்கும் செயலிகள் இருக்கின்றன. போனைக் கையில் பிடிக்காமல் சீட்டுத் தண்டவாளத்திலோ தரையிலோ டேப் போட்டு இறுக ஒட்ட வேண்டும். போனின் சென்சார் நொடிக்கு நூறு முறை அளக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 தடவை) வரைக்கும்தான் அது நம்பகமாகக் காட்டும். அதற்கு மேலே காதுதான் கருவி. என் போன் காட்டிய வரைபடத்தில் 12 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு உயர்ந்து ஒரு கூம்பு வந்தது. 45 பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. முதலாவது சக்கரம், இரண்டாவது ஷாஃப்ட். வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்பே இரண்டு ஆட்களும் கிடைத்துவிட்டார்கள்.

நூறு பக்கத்தில் பலமாக வந்து அப்புறம் ஏன் அடங்குகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. பேலன்ஸ் பிசகிய சக்கரத்தின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஐம்பதிலிருந்து நூறுக்குப் போனால் நாலு மடங்கு. ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் பிசகு இருந்தால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது மூன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு, நொடிக்குப் பன்னிரண்டு தடவை சக்கரத்தைத் தூக்கித் தள்ளுகிறது. சக்கரமும் ஆக்சிலும் டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இயல்பாகத் துள்ளும் வேகம் பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். சக்கரத்தின் சுற்று அந்த இடத்தைத் தொடும்போது ஆட்டம் பெருகும், தாண்டினால் குறையும். ஷாஃப்ட் உதறல் அப்படி இல்லை, வேகம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும்.

பிக்கப்பில் இது காரைவிடக் கடுமையாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. பின் ஸ்பிரிங் பாரம் சுமக்கக் கட்டப்பட்டது. பின்பெட்டி காலியாக இருக்கும்போது அந்தக் கெட்டியான ஸ்பிரிங் எதையும் விழுங்காமல் அப்படியே சேசிஸுக்கு அனுப்பிவிடும். நீளமான ஏணிச் சட்டமும் மேலும் கீழுமாக வளைந்து அதோடு சேர்ந்து ஆடும். பாரம் ஏற்றினால் உதறல் குறைகிறது என்று பலர் சொல்வது உண்மைதான், ஆனால் அதைத் தீர்வு என்று நினைக்க வேண்டாம்.

சக்கரங்கள்

உதறல் அலையலையாக வந்து போனதைச் சொன்னேன் அல்லவா? ஒரே ஒரு சக்கரம் கெட்டிருந்தால் அது ஒரே அளவில்தான் உதறிக்கொண்டிருக்கும். இரண்டு சக்கரம் கெட்டிருந்தால்தான் அலை வரும். தேய்மானத்தாலும் காற்றழுத்தத்தாலும் இரண்டு டயரின் சுற்றளவும் துளியளவு வேறுபடும். ஒன்று 2.400 மீட்டர், மற்றது 2.405 மீட்டர் என்றால், சுமார் ஐந்நூறு சுற்றுக்கு ஒரு தடவை ஒன்று மற்றதைவிட ஒரு முழுச் சுற்று முந்திவிடும். இரண்டின் உதையும் ஒரே நேரத்தில் விழும்போது வண்டி குலுங்கும், மாறி மாறி விழும்போது ஒன்றையொன்று அடக்கிவிடும். நொடிக்குப் பன்னிரண்டு சுற்று என்றால் முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓர் அலை. நீண்ட வளைவில் திரும்பினால் வெளிச் சக்கரம் அதிகம் சுற்றுவதால், வளைவு முடிந்ததும் உதறல் திடீரென்று கூடவோ மறையவோ செய்யும். என் வண்டியில் இரண்டும் நடந்தது. அதனால் பின்னால் இரண்டு சக்கரமும் சந்தேகத்துக்கு உரியவை என்று முடிவு செய்தேன்.

அடுத்து, பின் சக்கரங்களை அதே பக்கத்தில் முன்னுக்கும், முன் சக்கரங்களைப் பின்னுக்கும் மாற்றினேன். அன்றைய ஓட்டத்தில் உதறல் சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டது. இது பெரிய வெற்றி. சக்கரத்தோடு சேர்ந்து உதறலும் இடம் மாறினால் கோளாறு டயரிலோ ரிம்மிலோதான். மாறாமல் சீட்டிலேயே இருந்திருந்தால் பின் டிரம், ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி), ஆக்சில் ஷாஃப்ட் என்று தேட வேண்டியிருந்திருக்கும்.

கழற்றிய சக்கரங்களின் உட்பக்கத்தைப் பார்த்தபோது ஒன்றில் காய்ந்த சேறு கட்டியாக ஒட்டியிருந்தது. மண் பாதையில் போகிற பிக்கப்புக்கு இது சாதாரணம். சேற்றோடு பேலன்ஸ் செய்தால், அது உதிர்ந்த மறுநாளே பேலன்ஸ் போய்விடும். அதனால் உட்பக்கம் கழுவாத சக்கரத்தை பேலன்சிங் மெஷினில் ஏற்ற விடாதீர்கள்.

இனி நான் சொல்வது மிக முக்கியமானது. பேலன்ஸ் முடிந்து மெஷின் சுழியம் காட்டியதும், சக்கரத்தை மெஷினின் தண்டிலிருந்து தளர்த்தி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கி ஓட்டச் சொல்லுங்கள். மறுபடியும் சுழியமோ அதை ஒட்டியோ வந்தால் சக்கரம் மெஷினில் மையமாக உட்கார்ந்திருக்கிறது. என் ஒரு சக்கரம் இந்தச் சோதனையில் 35 கிராம் காட்டியது. பிக்கப் ரிம்மின் நடுத்துளை பெரியது. அங்கே பொருத்திய கூம்பு சரியாக உட்காராததால் மெஷின் தவறான மையத்தை வைத்து பேலன்ஸ் செய்திருக்கிறது. மெஷின் சொன்னது அதன் கணக்கில் சரி, வண்டியின் கணக்கில் தப்பு. உட்பக்கத்திலிருந்து சரியான அளவுக் கூம்பு, வெளியே நட்டுத் துளைகளில் விரல்போலப் பிடிக்கிற தகடு, இப்படிப் பொருத்திச் செய்ததும் எத்தனை தடவை திருப்பிப் போட்டாலும் சுழியம் வந்தது.

மற்றச் சக்கரம் வேறு விதம். எப்படித் திருப்பினாலும் பேலன்ஸ் சுழியம்தான், ஆனால் வண்டியில் போட்டால் உதறியது. எடை சமமாக இருந்தால் மட்டும் போதாது, டயர் வட்டமாகவும் எல்லா இடத்திலும் ஒரே விறைப்பாகவும் இருக்க வேண்டும். வட்டமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சக்கரத்தைத் தூக்கி, தரையில் நிலையாக ஒரு கம்பியை வைத்து அதன் முனையை டயரின் நடுப்பகுதிக்கு மிக அருகில் கொண்டுவந்து, மெதுவாகச் சுற்ற வேண்டும். இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் சந்தேகப்படலாம். ரிம்மின் விளிம்பில் அதைவிடக் குறைவாகவே ஏற்கலாம், முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். என் டயர் இந்தச் சோதனையில் தேறிவிட்டது. தேறாதது விறைப்பில். அதைத் தூக்கி வைத்த சக்கரத்தில் கண்டுபிடிக்க முடியாது. பாரம் விழுந்தால்தான் தெரியும்.

இதற்காகவே ரோட் ஃபோர்ஸ் பேலன்சிங் என்ற வகை மெஷின் இருக்கிறது. சக்கரம் சுற்றும்போது ஓர் உருளை, சாலை அழுத்துவதுபோல, பல நூறு கிலோ விசையோடு டயரை அழுத்தும். எந்த இடத்தில் டயர் விறைத்துத் திருப்பித் தள்ளுகிறது என்று அளந்து சொல்லும். என் டயர் மற்றவற்றைப்போல மூன்று மடங்கு காட்டியது. முதல் மருந்து, டயரை ரிம்மில் திருப்பி உட்கார வைப்பது. டயரின் உயர்ந்த இடமும் ரிம்மின் தாழ்ந்த இடமும் ஒன்றாக வந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். புது டயரில் சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொதுவாக மஞ்சள், டயரின் எடை குறைந்த இடம், அதைக் காற்று வால்வு பக்கம் வைக்க வேண்டும். சிவப்பு, விசை கூடிய இடம், ரிம்மின் தாழ்ந்த இடத்துக்கு நேராக வர வேண்டும். திருப்பியதில் என் டயரின் அளவு பாதியாகக் குறைந்தது. ஆனாலும் போதவில்லை. அதை எடுத்துவிட்டு ஸ்டெப்னியில் இருந்த டயரைப் போட்டோம். போடும் முன் தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

மாட்டும்போது ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய துருச் செதில்கூட சக்கரத்தைச் சாய்த்துவிடும். நட்டுகளை சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே எதிரெதிராக மாற்றி மாற்றிக் கையால் உட்கார வைத்து, இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் கையேட்டின் அளவுக்கு இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் முதல் நட்டையே முழுதாக இறுக்கினால் சக்கரம் ஒருபக்கமாக உட்கார்ந்துவிடும். கடையில் வாங்கிய வேறு அலாய் ரிம் போட்டிருப்பவர்கள் நடுத்துளை ஹப்பில் கச்சிதமாகப் பொருந்துகிறதா, இல்லையென்றால் இடைவளையம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

பெரிய உதறல் போய்விட்டது. அலையும் போய்விட்டது.

ஷாஃப்ட்

மீதமிருந்தது அந்த ரீங்காரம். பெரியது போனதும் சின்னது தெளிவாகத் தெரிந்தது. எண்பத்தைந்தில் தொடங்கி வேகத்தோடு ஏறியது, கூடவே ஊமை இரைச்சல்.

வண்டிக்கு அடியில் போகும் முன்: சமதரை, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு. ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்க்க ஹேண்ட்பிரேக்கை விட்டாக வேண்டும். அதனால் கட்டை மிக முக்கியம். வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு கியரில் போட்டு நெடுஞ்சாலை வேகத்துக்கு ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆபத்து ஒருபுறம். ஆக்சில் தொங்கும்போது ஷாஃப்ட்டின் கோணமே மாறிவிடுவதால், அதில் தெரிவது சாலையில் நடப்பதும் அல்ல.

முதலில் கண்ணால் பார்ப்பது. ஷாஃப்ட்டில் ஒடுக்கு இருக்கிறதா, சேறோ தாரோ ஒட்டியிருக்கிறதா, பற்றவைத்திருந்த பேலன்ஸ் தகடு விழுந்து பளிச்சென்ற தடம் தெரிகிறதா. பிறகு கிராஸ் ஜாயின்ட்டின் (ஷாஃப்ட் கோணத்திலும் சுற்ற உதவும் சிலுவை வடிவ இணைப்பு) இரு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டமே இருக்கக் கூடாது. கிண்ணங்களைச் சுற்றிச் செம்பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் துருப்பிடித்துவிட்டது. சென்டர் பேரிங்கைக் கையால் மேலே தூக்கிப் பார்த்தேன். அதைத் தாங்கும் ரப்பர் பாதிச் சுற்றுக்குக் கிழிந்திருந்தது. ஷாஃப்ட் அங்கே தன் இஷ்டத்துக்கு அலைகிறது என்றால் 45 ஹெர்ட்ஸ் கூம்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

ஆனால் இரைச்சல்? ஷாஃப்ட்டை நன்றாகத் துடைத்த பிறகுதான் அது தெரிந்தது. சறுக்கும் ஸ்ப்லைன் இணைப்பின் (பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நகரும் இடம்) இரு பக்கமும் தொழிற்சாலையில் குத்திய அம்புக்குறிகள் இருந்தன. அவை நேருக்கு நேராக இல்லை. முன்பு எப்போதோ ஷாஃப்ட்டைக் கழற்றியவர்கள் குறி வைக்காமல் மாட்டியிருக்கிறார்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் வேலை செய்யும்போது, உள்ளே வருவது சீராகச் சுற்றினாலும் வெளியே போவது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். கோணம் 3 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான். 10 டிகிரி என்றால் ஒன்றரை சதவீதம். சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் கனமான இரும்புக் குழாயை நொடிக்குத் தொண்ணூறு தடவை முன்னும் பின்னும் உலுக்குவது சின்ன வேலை இல்லை. அடுத்த ஜாயின்ட் இதே ஏற்ற இறக்கத்தை எதிர்ப்பக்கமாகச் செய்து ஈடுகட்டும்படிதான் வடிவமைப்பு. அதற்கு இரண்டு ஜாயின்ட்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும், இரண்டின் கவைகளும் (சிலுவையைப் பிடிக்கும் இரட்டை விரல் போன்ற முனைகள்) சரியான நிலையில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலே ஈடுகட்டல் குலையத் தொடங்கும். 45இன் இரண்டு மடங்கு 90. போன் காட்டாத அந்த இரைச்சல் அதுதான். எல்லா வண்டிக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் என்று விதி வைக்க முடியாது, இரண்டு துண்டு ஷாஃப்ட்டில் அமைப்பு மாறலாம். தயாரிப்பாளரின் குறியும் கையேடும் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

கழற்றும் முன் ஒவ்வொரு ஃபிளாஞ்ச்சுக்கும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஒவ்வொரு இணைப்புக்கும் பெயின்ட்டால் கோடு போட்டோம். கிராஸ்களை விரலால் அசைத்தபோது பின்னுள்ளது நடு நிலையில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோலச் சிக்கியது. அதையும் மாற்றினோம். சென்டர் பேரிங் புதிது, அம்புகள் நேருக்கு நேர், அப்புறம் ஷாஃப்ட்டை முழுதாக பேலன்ஸ் செய்யும் பட்டறையில் கொடுத்து ஓட்டிப் பார்த்து வாங்கினோம். புது கிராஸ் போட்ட ஷாஃப்ட்டை பேலன்ஸ் செய்யாமல் மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிராஸ் ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தாலும் மையம் மாறிவிடும்.

கோணத்தையும் அளந்தோம். சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். டிஜிட்டல் கோணமானி ஒன்று போதும். ஈடுகட்ட வேண்டிய இரண்டு ஜாயின்ட்டின் வேலைக் கோணங்களும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும், மூன்று டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சுழியமாகவும் இருக்கக் கூடாது. துளியாவது கோணம் இருந்தால்தான் ஊசி பேரிங்குகள் உருளும், இல்லையென்றால் ஒரே இடத்தில் நின்று குழி பறிக்கும். என் வண்டியில் அளவுகள் சரியாக இருந்தன. ஆனால் உயரம் கூட்டிய வண்டி, பின் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்த வண்டி, ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் பிளாக் வைத்த வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். உயரம் மாறினால் டிஃபரென்ஷியல் மூக்கின் சாய்வும் மாறும். அதைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் சாய்வான ஆப்பு வைப்பார்கள். வண்டி கிளம்பும்போது மட்டும் குறைந்த வேகத்தில் உதறி, அப்புறம் நின்றுவிட்டால் அதற்கும் காரணம் பெரும்பாலும் இந்தக் கோணமோ சென்டர் பேரிங்கோதான். ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் முன்னால் இன்னொரு ஷாஃப்ட்டும் உண்டு, அதையும் மறக்கக் கூடாது.

வீல் பேரிங், பால் ஜாயின்ட், டை ராட், ஸ்பிரிங் யூ போல்ட், என்ஜின் மவுண்ட், கேபின் ரப்பர்கள் எல்லாவற்றையும் அதே நாளில் தட்டியும் ஆட்டியும் பார்த்துவிட்டோம். இவை தளர்ந்தால் சின்ன உதறல்கூடப் பெரிதாகத் தெரியும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. டயரின் பக்கச்சுவரிலோ நடுப்பகுதியிலோ புடைப்பு தெரிந்தாலும், நேற்று இல்லாத உதறல் இன்று திடீரென்று வந்து மெதுவான வேகத்திலும் தொடர்ந்தாலும், சோதனை ஓட்டமெல்லாம் வேண்டாம். ஓரமாக நிறுத்தி சக்கர நட்டுகளையும் டயரையும் பாருங்கள். டயரின் உள்பட்டை பிரியத் தொடங்கியிருந்தால் அது வெடிப்பதற்கு முன்னால் தருகிற எச்சரிக்கையாக அந்த உதறல் இருக்கலாம்.

எல்லாம் முடிந்து நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்தேன், கிராஸ்களுக்கு கிரீஸ் அடித்தேன். இப்போது நூற்றைந்தில் போன் காட்டும் 12 ஹெர்ட்ஸ் கூம்பு முன்பிருந்ததில் சிறு பகுதிதான், 45இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காலிப் பெட்டியோடு கரடுமுரடான தாரில் ஓட்டினால் கொஞ்சம் துள்ளுகிறது. அது இந்த ஸ்பிரிங்கின் இயல்பு, அதைத் துரத்திக்கொண்டு போகப் போவதில்லை. விறைப்பு கூடிய அந்த டயர் இப்போது ஸ்டெப்னி இடத்தில் இருக்கிறது. ஓட்டுவதற்குப் பாதுகாப்பானதுதான். அவசரத்துக்குப் போட்டால் எண்பதுக்கு மேல் உதறும் என்று அதன் பக்கச்சுவரில் பெயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து யாராவது அதை மாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தேட வேண்டாம் என்பதற்காக.